புதுப்பிப்பு: கையால் நிரப்பிய தோட்டாக்களை நேராக்குவது குறித்து
கையால் நிரப்பிய .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாக்களில் குண்டின் முனை அச்சிலிருந்து விலகியிருந்தால், அதை அழுத்தி நேராக்குவது துல்லியத்தைக் கூட்டுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். நேராக்கியவற்றையும் நேராக்காதவற்றையும் கலந்து, எது எதுவென்று தெரியாதபடி 100 கஜத்தில் சுட்டுப் பார்த்தபோது, விலகல் 0.003 அங்குலத்துக்குள் இருந்தவரை இலக்குத்தாளில் எந்த வேறுபாட்டையும் பிரித்துக் காண முடியவில்லை. மிகவும் கோணலானவை மட்டுமே நேராக்கிய பின் சற்று நெருங்கி விழுந்தன. ஆனால் குண்டைப் பக்கவாட்டில் அழுத்தும்போது உறைக் கழுத்து (தோட்டா உறையின் குறுகிய வாய்ப்பகுதி) குண்டைப் பற்றியிருக்கும் பிடி மாறக்கூடும். அந்தப் பிடி தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடுவது சிறு கோணலைவிடக் கெடுதல் என்றே கருதுகிறேன். சுட்ட உறையை மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான அளவுதிருத்தும் டையில், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் குமிழ் கழுத்தின் வழியாக இழுபட்டு வெளியேறும்போதே கோணல் பெரும்பாலும் தொடங்கிவிடுவதால், கழுத்தின் உட்புறத்தில் மசகிட்டு, அதை அங்கேயே தடுப்பதைத்தான் இப்போது பின்பற்றுகிறேன்.