‘எராஸ்தேஸ்’, ‘எரோமெனோஸ்’: இரு கிரேக்கச் சொற்களுக்குத் தமிழ்

குழுமத்தாருக்கு வணக்கம்.

பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ உரையாடலைத் தமிழாக்கி வரும் அம்மையார் பழைய கிரேக்கத்தில் வயதுவந்த ஆடவன் விடலை ஒருவனை நாடும் உறவைக் குறிக்கும் ‘பைதெராஸ்தியா’ என்னும் சொல்லுக்கும், அவ்வுறவில் மூத்தவரைக் குறிக்கும் ‘எராஸ்தேஸ்’, இளையவரைக் குறிக்கும் ‘எரோமெனோஸ்’ என்னும் இணைச்சொற்களுக்கும் தமிழ் கேட்டிருந்தார். இதுவரை ஓரினச்சேர்க்கை, தன்பாலீர்ப்பு, கைக்கிளை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ஒலிபெயர்ப்பே போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

ஓரினச்சேர்க்கையை முதலில் விலக்கிவிடலாம். மனிதர் அனைவரும் ஓரினம் என்பதால் கணவன் மனைவி உறவும் அச்சொல்லுக்குள் வந்துவிடும். அன்றியும் அது உறவை உடற்செயலாகச் சுருக்குகிறது. தன்பாலீர்ப்பு அவ்வாறன்று. இன்று வாழும் மனிதரை மதிப்போடு சுட்ட வேண்டும் என்ற அக்கறையில் புழக்கத்துக்கு வந்த சொல் அது. இத்துறைச் சொற்களைத் தொகுத்து 2022-இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் பிறந்த அத்தகைய அக்கறையால்தான். அச்சொல்லை மதிப்பதாலேயே அதைப் பழைய ஏதென்சுக்கு இரவல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தன்பாலீர்ப்பு என்பது ஒருவரின் இயல்பைக் குறிக்கிறது. அக்கருத்துக்கு ஐரோப்பாவிலேயே வயது அதிகமில்லை. ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லைக் கிரேக்கத்தையும் லத்தீனையும் ஒட்டுப்போட்டு ஆக்கியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி. அது அச்சேறியது 1869-இல், பிரஷ்யத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து அவர் எழுதிய வெளியீட்டில். (ஒட்டுச்சொல் என்று நம்மவர் ஆக்கங்களைப் பழிப்போர் இதையும் நினைவிற்கொள்க.) ஏதென்சுக் குடிமகன் ஒருவன் விடலை ஒருவனை நாடியவாறே மணமும் முடித்துப் பிள்ளைகளும் பெற்றான், அதனால் அவனை வேறொரு வகை மனிதனாக எவரும் எண்ணவில்லை. அங்கு எழுந்த கேள்விகள் வேறு: மூத்தவன் யார், நாடுபவன் யார், நாடப்படுபவன் குடிமகனின் மகனா அடிமையா, இடையில் பணம் கைமாறியதா? பொ.ஆ.மு. 345 அளவில் ஏதென்சுப் பேச்சாளன் எஸ்கினஸ், அரசியல்வாதி திமார்க்கஸ் மீது தொடுத்த வழக்கு, அவன் ஆடவரை நாடினான் என்பதற்காக அன்று. இளமையில் தன் உடலை விலைக்கு விற்றவன் மக்களவையில் பேசும் உரிமையை இழந்தவன் என்பதற்காகவே. அதே உரையில், தானும் இளைஞர்களை நாடியதுண்டு, அவர்கள்மேல் கவிதை எழுதியதுண்டு என்று எஸ்கினஸ் கூசாமல் ஒப்புக்கொள்கிறான்.

கைக்கிளை என்னும் பரிந்துரை என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ஒருதலை என்ற பொருள் ஓரளவு ஒட்டவே செய்கிறது: காமத்தால் மயங்கியவனை மயங்காத ஒருவன் பார்ப்பது போல இளையவன் தன்னை நாடுபவனைப் பார்க்கிறான் என்று பிளேட்டோவின் காலத்தவரான செனொஃபோன் எழுதுகிறார். தொல்காப்பியம் கைக்கிளையைச் சொல்லும்போது ‘காமஞ் சாலா இளமையோள்வயின்’ என்று வயதையும் சுட்டுகிறது. ஆயினும் அந்நூற்பாவில் தலைவன் ‘சொல்லெதிர் பெறாஅன்’. அவனுக்கு விடை கிடைப்பதில்லை. கிரேக்க உறவிலோ விடை உண்டு. இளையவனிடம் எழும் எதிர்விருப்பை ‘அந்தெரோஸ்’ என்று பெயரிடும் பிளேட்டோ, இளையவன் அதை வேட்கை என்று கருதாமல் நட்பு என்றே கருதுகிறான் என்கிறார். விடை மாறுபட்டது என்பதற்காக விடையே இல்லை என்று ஆக்கிவிட முடியாது. மேலும், கைக்கிளை என்றவுடன் நம் வாசகர் மனத்தில் எழும் ஐந்திணை, புறத்திணை ஆகியவற்றின் சுமையை ஏதென்சின் தோளில் ஏற்றுவது முறையாகாது.

ஒலிபெயர்ப்பு முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை வந்தால் போதும்.

அம்மையாரின் முதல் வரைவில் இரு சொற்களுக்கும் ‘காதலன்’ என்றே இருந்தது. மூலத்துக்கு இதைவிடப் பெரிய இடர் வேறில்லை. தமிழில் காதலன் என்றால் இருபுறமும் சமமாகிவிடுகிறது. (கம்பனிடத்தில் அது மகனையும் குறிக்கும் என்பது வேறு.) ‘எராஸ்தேஸ்’ வினை செய்பவனைக் காட்டும் பெயர், ‘எரோமெனோஸ்’ செயப்பாட்டுப் பெயரெச்சத்தை ஒத்த ஒரு வடிவத்தினின்று பிறந்த பெயர். இந்த இலக்கண வேறுபாட்டிலேயே அச்சமூகத்தின் ஒழுக்க விதி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒரே வேரிலிருந்து இரு வடிவங்கள் வேண்டும். ‘வேள்’ என்னும் வேர் அதைத் தருகிறது: வேட்போன், வேட்கப்பெறுவோன்.

வேட்போன் என்றால் தேர்தலில் நிற்பவர் நினைவுக்கு வருவார் என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், கிரேக்கருக்கும் அந்நினைவு வந்தது. வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவு செய்துள்ள ஈமவுரையில் தலைவன் பெரிக்ளிஸ் ஏதென்சு மக்களைப் பார்த்து, இந்நகரத்தின் ‘எராஸ்தாய்’ (எராஸ்தேஸின் பன்மை) ஆகுங்கள் என்கிறான். பொ.ஆ.மு. 424-இல் அரங்கேறிய ‘வீரர்கள்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் இதையே கேலியாக்கி, ‘மக்கள்’ என்று பெயர் பூண்ட கிழவனுக்கு முன்னால் இரு அரசியல்வாதிகளைப் போட்டி எராஸ்தேஸ்களாக நிறுத்துகிறார். வேட்பாளரும் வேட்போனும் ஒரே வேரில் கிளைத்திருப்பது நமக்கு வாய்த்த பேறு.

இனி ‘பைதெராஸ்தியா’. அதன் முற்பகுதியான ‘பைஸ்’ சிறுவனையும் குறிக்கும், எவ்வயதினனாயினும் அடிமையையும் குறிக்கும்; நாற்பது வயதுக்காரரையும் நாம் ‘கடைப் பையன்’ என்பதில்லையா, அதைப் போல. எனினும் பையன் என்பது இங்கு மிகவும் பேச்சுவழக்காகிறது. சிறுவன் என்றால் வயது மிகவும் குறைந்துவிடுகிறது. பாட்டியல் நூல்கள் ஆண்பருவங்களுக்குச் சொல்லும் பெயர்களில் ‘விடலை’ இன்றும் உயிரோடிருக்கிறது, மீசை அரும்பும் பருவத்தை நினைவூட்டுகிறது. கிரேக்கரும் ஆண்டைவிடத் தாடி முளைப்பதையே எல்லையாகக் கொண்டனர். ஆனால் விடலைக் காதல் என்றால் பள்ளிப் பிள்ளைகளின் காதல் ஆகிவிடும், விடலை வேட்கை என்றால் விடலையின் சொந்த வேட்கை ஆகிவிடும். எனவே ‘விடலைவேட்பு’ என்கிறேன். மண்ணாசை மண்மேல் கொண்ட ஆசையாவது போல, இது விடலைமேல் கொண்ட வேட்பு.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்பவர்களுக்கு: ஆங்கிலத்தில் பிளேட்டோவைத் தந்த ஜோவெட், ஆடவர் காதலைப் பற்றிய பேச்சைப் பெண்கள்மேல் கொண்ட காதலாக மாற்றிப் படிக்கும்படி தம் முன்னுரையில் அறிவுறுத்தினார். மறைக்காமல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் சைமண்ட்ஸ், 1883-இல் இவ்வுறவு பற்றிய தம் நூலைப் பத்தே படிகள் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் தன்பாலீர்ப்பினரின் உரிமை பற்றிய வழக்கில், பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ நூலில் வரும் ‘தோல்மேமா’ என்ற சொல் துணிகரச் செயலைக் குறிக்கிறதா, குற்றச்செயலைக் குறிக்கிறதா என்று தத்துவ அறிஞர்களான மார்த்தா நுஸ்பாமும் ஜான் ஃபின்னிஸும் எதிரெதிர் சாட்சியம் தந்தனர்; எந்தப் பதிப்பு அகராதியை நம்புவது என்பது வரை பூசல் நீண்டது. வெட்கப்பட்டு மறைத்தவர்களும் தங்களுக்குத் துணையாக அழைத்தவர்களும் ஒரே வேலையைத்தான் செய்தனர்: பழைய சொல்லின் மேல் தம் காலத்துச் சொல்லை ஒட்டினர்.

சோதனைக்கு ஒரு தொடர். சிம்போசியத்தில் ஃபைத்ரஸ், டிராய்ப் போர் வீரன் அக்கிலீஸை அவன் தோழன் பாட்ரோக்ளஸின் எராஸ்தேஸாக்கிய நாடகாசிரியர் எஸ்கிலஸ் தவறிழைத்தார், அக்கிலீஸே அழகன், தாடி முளையாதவன், இளையவன் என்று வாதிடுகிறான். ‘அக்கிலீஸ் வேட்போன் அல்லன், பாட்ரோக்ளஸால் வேட்கப்பெற்றவன்’ என்று எழுதினால் வாதம் தமிழில் நிற்கிறது. ‘இருவரும் காதலர்’ என்று எழுதிவிட்டால் ஃபைத்ரஸ் எதற்காகச் சண்டை பிடிக்கிறான் என்பதே விளங்காது.

உறுப்பினர் ஒருவரின் மறுமொழி:

ஐயா, வேட்போன், விடலைவேட்பு இரண்டையும் ஏற்கிறேன். வேட்கப்பெறுவோனை ஏற்கவில்லை. பரிசு பெறுகிறோம், அருள் பெறுகிறோம். துன்புறுத்தப் பெறுவதில்லை, துன்புறுத்தப்படுகிறோம். இளையவன் அடைந்தது பேறு என்று தங்கள் துணைவினை தீர்ப்பளித்துவிடுகிறது. நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவரோடு இத்தகைய உறவு கடுங்குற்றம். நானும் வகுப்பறையில் இதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவள். கிரேக்கரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. எராஸ்தேஸ்களோடு பேசவிடாதபடி தந்தையர் பிள்ளைகளுக்குக் காவலர் வைத்தனர் என்று அதே சிம்போசியத்தில் பௌசானியஸ் கூறுகிறான். சிறுவர் பாடற்குழுவை நடத்தும் பொறுப்பாளர் 40 வயதைக் கடந்தவராயிருக்க வேண்டும் என்ற சட்டத்தைத் தாங்கள் சுட்டிய எஸ்கினஸே எடுத்தோதுகிறான். அஞ்சியதால்தானே சட்டம் இயற்றினார்கள்?

என் விடை:

அம்மா, தாங்கள் சொல்வது சரி. ஓசை இனிமைக்காகப் ‘பெறு’ என்று எழுதினேன். அது பக்கம் சாய்வதை நான் கவனிக்கவில்லை. ‘படு’ துன்பத்துக்கும் வரும், அறியப்படுதல், பேசப்படுதல் என்று நடுநிலையாகவும் வரும். எது என்பதை ஒவ்வோர் இடத்திலும் வாசகர் முடிவு செய்துகொள்ளலாம். ‘வேட்கப்படுவோன்’ என்றே பட்டியலில் திருத்திவிடுகிறேன். அக்கிலீஸ் தொடரும் ‘பாட்ரோக்ளஸால் வேட்கப்பட்டவன்’ என்று மாறும். கிரேக்கப் பெண்கவி சாப்போவின் பாடல்களுக்கு இச்சொற்கள் செல்லுமா என்று அம்மையார் தனியே கேட்டிருந்தார். செல்லா, அங்கு மூப்பும் இளமையும் இவ்வாறு இலக்கணப்பட்டு நிற்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.