ஓம் விதி வந்தபோது ஓம் வாத்தியாரா, முன்னாள் வாத்தியாரா?

வடக்குமுனை:
உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற பேச்சில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன். பள்ளியை விட்டவர்தான் பெயர் எடுத்தார். ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் பெர்லினுக்குப் போனார், 1827இல் நூல் வந்தது, மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும், மின்தடை கூடினால் குறையும் என்ற விதி பிறந்தது. கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் 1856இல் பெர்லினில் பேராசிரியர் ஆனார். கரும்பலகையோடே இருந்திருந்தால் இருவரையும் யாருக்கும் தெரிந்திருக்காது.

கம்பிச்சுருள்:
தேதி தெரியாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. ஓம் சோதனை செய்தது 1826இன் தொடக்கத்தில், கோலோன் பள்ளியில், அந்தப் பள்ளிக் கருவிகளை வைத்து. 1817 முதல் அங்கே கணிதமும் இயற்பியலும் நடத்திக்கொண்டிருந்தார். அரைச் சம்பள விடுப்பில் பெர்லின் போனது அதற்குப் பிறகு. முடிவுகள் அதே 1826இல் ஷ்வைக்கரின் ஆய்விதழில் அச்சாகிவிட்டன.

வடக்குமுனை:
அது வெறும் அளவீடு. விதி 1827இல்தான்.

பழைய மாணவி:
கோலோனில் இருந்தது கிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் ஜெர்மன் பள்ளி. அதை உயர்நிலைப்பள்ளி என்று சொல்லலாமா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

கம்பிச்சுருள்:
“வெறும் அளவீடு” என்பவர் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார். 1825இல் ஓம் வோல்டா மின்கலத்தை வைத்துத்தான் தொடங்கினார். சுற்றை மூடியதும் மின்னோட்டம் எகிறும், பிறகு சரியும். தாமிரத் தகட்டில் ஹைட்ரஜன் குமிழ் படிவதால் கலமே மாறிக்கொண்டிருக்கும். அதனால் அந்த ஆண்டு அவர் வெளியிட்ட மடக்கைச் சமன்பாடு தப்பாகப் போனது. இயற்பியலாளர் பொகண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, இரு உலோகச் சந்திப்புகளின் வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப இணைக்கு மாறினார்: ஒரு பிஸ்மத் கட்டை, இரு முனையிலும் தாமிரப் பட்டை, ஒரு முனை கொதிநீரில், மறு முனை பனிக்கட்டியில். கிடைப்பது ஏழெட்டு மில்லிவோல்ட், ஆனால் ஆடாது. மின்னழுத்தம் இவ்வளவு சிறிதென்றால் இணைப்பில் சின்ன அழுக்கு இருந்தாலும் கணக்கு கெடும். அதனால் கம்பி முனைகளைப் பாதரசக் கிண்ணத்தில் முக்கினார். காந்த ஊசியைத் தொங்கவிட்டு, விலகிய ஊசி பழைய இடத்துக்கு வர எத்தனை முறுக்கு வேண்டும் என்று அளந்தார். எட்டுத் தாமிரக் கம்பிகள்: 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம்.

வடக்குமுனை:
எட்டுக் கம்பி அளந்தால் விதி ஆகிவிடுமா? கம்பி இரண்டு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும் என்று 1826இல் எங்கே எழுதினார்?

கம்பிச்சுருள்:
அப்படி எழுதவில்லை. எழுதியிருந்தால்தான் தப்பு. அவர் எழுதியது X = a/(b+x). X முறுக்கால் அளந்த மின்னோட்டம். a வெப்ப இணையின் மின்னழுத்தத்தைப் பொறுத்த எண். x கம்பியின் நீளம். b மீதிச் சுற்றின் மின்தடை, கம்பி நீளமாக மாற்றினால் இருபதேகால் அங்குலம். 2 அங்குலக் கம்பியை 4 ஆக்கினால் மின்னோட்டம் 8 சதவீதமே குறையும், ஏனென்றால் 22.25 என்பது 24.25 ஆகிறது, அவ்வளவுதான். 66ஐ 130 ஆக்கினால் 43 சதவீதம் குறையும். இந்த b-ஐ, அதாவது அக மின்தடையை, மறந்துவிட்டு ‘பாதியாகும்’ என்பவர்கள் செய்முறைத் தேர்வில் மாட்டுவது இங்கேதான். நாளாக ஆக a கொஞ்சம் இறங்கியது, b அசையவில்லை. இது விதி இல்லையென்றால் எது விதி? இடம் கோலோன், ஆண்டு 1826.

சுழியம்7:
இரண்டு பேரும் ஓமை விடுங்கள். பால்மர் சுவிட்சர்லாந்தின் பாசெலில் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர். 1885இல், 60 வயதில், ஒரே எண்ணை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகியவற்றால் பெருக்கினால் ஹைட்ரஜனின் நான்கு நிறமாலைக் கோடுகளின் அலைநீளங்கள் கிடைக்கும் என்று காட்டினார். அந்த எண் 364.56 நானோமீட்டர். கடைசிவரை வேலையை விடவில்லை. கிராஸ்மன் 1844இல் திசையன் கணிதத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டு, 1877இல் சாகும்வரை ஷ்டெட்டினில் ஆசிரியர்.

வடக்குமுனை:
கிராஸ்மனை எடுத்ததற்கு நன்றி. யார் படித்தார் அவரை? பல்கலைக்கழகப் பதவி கேட்டார், கணிதவியலாளர் கும்மரின் அறிக்கை கெடுத்தது. நான் சொன்னதற்கு அவரே சாட்சி. வயர்ஸ்ட்ராஸ் பள்ளியை விட்டார், ஜெயித்தார்.

கம்பிச்சுருள்:
வயர்ஸ்ட்ராஸ் பெயர் வாங்கிய கட்டுரை 1854இல் வந்தது. அப்போது அவர் பிரவுன்ஸ்பெர்க்கில் பள்ளி ஆசிரியர். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அதே ஆண்டு கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அதற்கு முன்னால் வேறொரு பள்ளியில் உடற்பயிற்சியும் கையெழுத்துப் பயிற்சியும்கூட அவர் தலையில்தான். போன மாதம் கிராஸ்மன் பேச்சிலும் நீங்கள் இதையே செய்தீர்கள்: ஆண்டைக் கேட்டால் ஆளை மாற்றுவது.

வடக்குமுனை:
போன மாதம் கிராஸ்மனின் சமஸ்கிருத அகராதியின் ஆண்டைத் தப்பாகச் சொன்னது நீங்கள்.

கம்பிச்சுருள்:
1873 முதல் 1875 என்றேன். அது சரி. எழுதியதைப் போய்ப் பாருங்கள்.

பழைய மாணவி:
கிம்னாசியம் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வடக்குமுனை:
ஓம் பெர்லினிலிருந்து கோலோன் பள்ளிக்குத் திரும்பினாரா? இல்லை. 1833இல் நூரெம்பெர்க் பாலிடெக்னிக், 1841இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம். எல்லாம் பள்ளியை விட்ட பிறகு.

கம்பிச்சுருள்:
பதக்கம் 1841. நூல் 1827. எட்டுக் கம்பி 1826. அந்த எட்டுக் கம்பியை அளந்த நாளில் அவர் கோலோன் பள்ளியில் முழுச் சம்பள ஆசிரியர். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வடக்குமுனை:
விதி 1827. சொல்லியாயிற்று.