குறுக்குப் பேச்சா, குறிகைத் தொற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கம்பியின் குறிகை (சிக்னல்) பக்கத்துக் கம்பியிலும் தலைகாட்டுவதைக் கிராஸ்டாக் என்கிறோம். அதற்குத் தமிழில் 'குறுக்குப் பேச்சு' போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தொலைபேசிக் கம்பியில் பேசியது அடுத்த கம்பியில் கேட்டபோது அது பொருந்தியிருக்கலாம். ஆனால் தமிழில் குறுக்கே பேசுவது வேண்டுமென்றே செய்யும் வேலை. பாட்டையில், அதாவது கணினிக்குள் தரவைச் சுமந்து பக்கம் பக்கமாக ஓடும் கம்பித் தடங்களின் தொகுப்பில் (கணினி பஸ்ஸுக்குப் பாட்டையே இருக்கட்டும், யாராவது பேருந்து என்று பெயர்த்துவிடப் போகிறார்கள்) ஒரு தடத்தின் மின்னழுத்தம் சட்டென்று ஏறினால், இடையில் தானாக அமைந்துவிட்ட மின்தேக்குத்திறனும் (கெப்பாசிட்டன்ஸ்) காந்தத் தூண்டலும் சேர்ந்து, சும்மா கிடக்கும் பக்கத்துத் தடத்தைத் துள்ள வைக்கின்றன. இதில் பேச்சு எங்கே வந்தது?

'கசிவு' என்பதும் சரிவராது. கசிவு மின்னோட்டம் என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

என் பரிந்துரை 'குறிகைத் தொற்று'. நோய் நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். வரட்டுமே, படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போவதும் அதே சொல்தான். சொல் வளைந்து கொடுக்கிறது என்பதே எனக்குப் பெரிது: தொற்றும் தடம், ஏற்கும் தடம், தொற்றளவு. 'குறுக்குப் பேச்சளவு' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

புள்ளியியலுக்குள் நுழைந்ததும் இந்த வசதி தேவைப்படும். 32 தடங்கள் கொண்ட பாட்டையில் பிட்டுகள் முழுவதும் சமவாய்ப்பில் வருகின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் ஒரு தடம் 0-விலிருந்து 1-க்கு ஏற வாய்ப்பு 1/4, இறங்கவும் 1/4. எல்லாத் தடங்களும் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் மாறுவதுதான் மோசமான நிலை. நொடிக்கு 100 கோடித் துடிப்பு என்றாலும் அது சராசரியாக 292 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நேரும். ஆனால் நடுவிலுள்ள ஏதேனும் ஒரு தடத்தை மட்டும் பாருங்கள்: இரு பக்கத்துத் தடங்களும் அதற்கு எதிராக மாறுவது 32 துடிப்புகளுக்கு ஒரு முறை வந்துவிடுகிறது! அதனால்தான் உச்சத் தொற்றளவை மட்டும் சொன்னால் போதாது, எந்த அளவு எத்தனை முறை வருகிறது என்ற பரவலையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மைத் தரவு இப்படிச் சமவாய்ப்பில் வராது என்பது வேறு கதை. நினைவக முகவரி ஒன்றொன்றாகக் கூடும்போது கீழ்த் தடம் ஓயாமல் மாறும், மேல் தடங்கள் தூங்கும்.

இந்தத் தொற்றளவைக் கணித்துச் சொல்லும் எஸ்டிமேஷனுக்கு 'மதிப்பீடு' என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. விடைத்தாளுக்கும் அதே சொல்தான். 'மதிப்பிடுகை' என்றால் தேறுமா?