கான்ஸ்டன்டைனை ஏன் விட்டாய்? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு மாலை

கார்த்திக் (மாலை 5:12): வெஸ்ட் இண்டீஸின் எல்லாக் காலத்துக்குமான என் டெஸ்ட் அணி. கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், ஹெட்லி, ரிச்சர்ட்ஸ், லாரா, சோபர்ஸ், துஜோன், மார்ஷல், ஹோல்டிங், ஆம்ப்ரோஸ், கிப்ஸ். யாருக்காவது மறுப்பு இருக்கிறதா?

சுந்தர்: கார்னர் இல்லாமல் ஒரு அணியா? வால்ஷ் எங்கே?

கார்த்திக்: இடம் இல்லை சித்தப்பா. நாலு வேகப்பந்து எடுத்தால் சுழலுக்கு ஆள் கிடையாது.

ராமநாதன்: ஹெட்லியை நினைவு வைத்திருக்கிறாயே, சபாஷ். ஆனால் 1930களில் ஹெட்லிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவரை விட்டுவிட்டாய். லியரி கான்ஸ்டன்டைன் எங்கே?

கார்த்திக்: அவரையும் பார்த்தேன் பெரியப்பா. 18 டெஸ்ட், 635 ரன், சராசரி 19.24, ஒரு சதம்கூடக் கிடையாது. 58 விக்கெட், சராசரி 30.10. இதை வைத்துக்கொண்டு யாரை வெளியே அனுப்புவது?

ராமநாதன்: கணக்கு சரிதான். இன்னொரு கணக்கும் போட்டுப் பார். வெஸ்ட் இண்டீஸ் முதல் டெஸ்ட் ஆடியது 1928இல். 1939இல் போர் வரும்வரை அந்த அணி ஆடிய மொத்த டெஸ்ட்டே 22தான். 11 வருடத்தில் 22! அதில் 18இல் இவர் இருந்தார். அந்த அணிக்காக டெஸ்ட்டில் முதல் விக்கெட் எடுத்ததும் இவர்தான். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் டெஸ்ட் மைதானத்தில் இல்லை.

சுந்தர்: அண்ணா, லார்ட்ஸ் மேட்சைச் சொல்லுங்கள். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா சொல்வாரே.

ராமநாதன்: சொல்கிறேன். 1928 ஜூன், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் கவுண்டியுடன். அவர்கள் 6 விக்கெட்டுக்கு 352 எடுத்து டிக்ளேர் செய்துவிட்டார்கள். வெஸ்ட் இண்டீஸ் 79க்கு 5. அப்போது உள்ளே வந்த கான்ஸ்டன்டைன் ஒரு மணி நேரத்துக்குள் 86 அடித்தார். அணி 230இல் முடிந்தது. அப்புறம் பந்தைக் கையில் எடுத்தார்: 57 ரன் கொடுத்து 7 விக்கெட். மிடில்செக்ஸ் 136க்குச் சுருண்டது. வெற்றிக்கு 259 வேண்டும். 121க்கு 5 போயிருந்தபோது மறுபடியும் அவர் வந்தார். சுமார் ஒரு மணி நேரத்தில் 103. மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி.

ராமநாதன்: அந்த 103இல் ஒரு அடி. பந்து வீசிய ஜே.டபிள்யூ. ஹெர்ன் தன்னை நோக்கி நேராக வந்த பந்தைப் பிடிக்கக் கை நீட்டினார். கையில் பட்ட பந்து நிற்கவில்லை, பெவிலியன் வரை போனது. ஹெர்னின் விரல் அப்படிச் சிதைந்துபோனது, அந்த சீசன் முழுக்க அவர் மறுபடி ஆடவே இல்லை.

கார்த்திக்: அடேயப்பா!

மல்லிகா: பாவம் அந்த மனிதர்.

கார்த்திக்: ஆனால் பெரியப்பா, அதே 1928இல் மூன்று டெஸ்ட்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 89 ரன், 5 விக்கெட். இதையும் சொல்ல வேண்டுமே.

ராமநாதன்: சொல்லத்தான் வேண்டும். டெஸ்ட்டில் அந்த வருடம் அவருக்குச் சரியாக வரவில்லை. ஆனால் அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும் சேர்த்தால் 1,381 ரன், 107 விக்கெட். கைவசம் வேலை நிலைக்காத, 26 வயது இளைஞர் அவர். இங்கிலாந்தில் ஏதாவது ஒரு கிளப் தன்னைக் கூப்பிடாதா என்று நினைத்துக்கொண்டு ஆடியவர். இதை வைத்துத்தான் அந்த ஆட்டத்தைப் படிக்க வேண்டும்.

மல்லிகா: ஏன், சொந்த ஊரில் வேலை கிடைக்காதா?

ராமநாதன்: டிரினிடாடில் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார் மல்லிகா. அதற்குமேல் போகக் கறுப்பருக்கு அங்கே வழி இல்லை. பிறகு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கிரிக்கெட் கிளப்பே நிறம் பார்த்துப் பிரிந்திருந்த காலம். பணக்கார வெள்ளையருக்குக் குயின்ஸ் பார்க், மாநிறத்தாருக்கு மேப்பிள், ஆசிரியர், குமாஸ்தா மாதிரி கறுப்பு நடுத்தர வர்க்கத்துக்கு ஷானன், இன்னும் ஏழைகளுக்கு ஸ்டிங்கோ. கான்ஸ்டன்டைன் ஷானன் ஆள். ஷானன்காரர்கள் சாதாரண கிளப் ஆட்டத்தையே மானப் பிரச்சினையாக ஆடுவார்கள்.

சுந்தர்: அவர் அப்பாவும் ஆட்டக்காரர்தானே?

ராமநாதன்: அப்பா லெப்ரன், மரவல் என்ற ஊரில் கொக்கோ தோட்டத்தில் மேஸ்திரி. அம்மாவின் அப்பா அடிமையாக இருந்தவர். வீட்டு முற்றத்தில் குடும்பமே சேர்ந்து ஆடுமாம். விக்கெட் கீப்பர் யார் தெரியுமா? அம்மாதான்.

மல்லிகா: இது எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணா. இன்னும் சொல்லுங்கள்.

ராமநாதன்: 1900இல் வெஸ்ட் இண்டீஸ் முதன்முறையாக இங்கிலாந்து போனது. லெப்ரன் பெயர் அணியில் இருந்தது, கையில் காசு இல்லை. கப்பல் கிளம்பிய நாளில் அவர் ஊரில் தெருவில் நின்றுகொண்டிருந்தார். பார்த்த ஒரு வணிகர் அங்கேயே பணம் திரட்டி, துணிமணி வாங்கிக் கொடுத்து, விசைப்படகு பிடித்துக் கப்பலைத் துரத்தி ஏற்றிவிட்டார். அந்தப் பயணத்தில் லார்ட்ஸில் எம்.சி.சி.க்கு எதிராக லெப்ரன் 113 அடித்தார். இங்கிலாந்து மண்ணில் வெஸ்ட் இண்டீஸ்காரர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. பிற்காலத்தில் அப்பாவும் மகனும் டிரினிடாடுக்காக ஒரே அணியிலும் ஆடியிருக்கிறார்கள்.

கார்த்திக்: சரி, லார்ட்ஸ் மேட்சுக்கு அப்புறம் கிளப் கூப்பிட்டதா?

ராமநாதன்: நெல்சன். லங்காஷயரில் பருத்தி மில்கள் நிறைந்த சின்ன ஊர். சீசனுக்கு 500 பவுண்டு சம்பளம் பேசி ஒப்பந்தம் போட்டார்கள். 1929இல் மனைவி நோர்மாவுடன் போய் இறங்கினார். ஊரில் கறுப்பரைப் பார்த்தவர்களே அபூர்வம். பிள்ளைகள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்களாம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையா, சோப்புப் போட்டால் போகாதா என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள்.

மல்லிகா: அந்தப் பெண் எப்படி இருந்திருப்பாள், குளிரில், தெரியாத ஊரில்.

ராமநாதன்: இருந்தார்கள். மெரிடித் தெரு 3ஆம் எண் வீடு. நெல்சனை விட்டு விலகிய பிறகும் பல வருடம் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

ராமநாதன்: கார்த்திக், இதைக் கவனி. லங்காஷயர் லீகில் ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு தொழில்முறை ஆட்டக்காரர். மற்ற பத்துப் பேரும் உள்ளூர்க்காரர்கள், வாரம் முழுக்க மில்லிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் ஆட வருபவர்கள். டிக்கெட் விற்பதும் தோற்றால் வசவு வாங்குவதும் அந்த ஒருவர் தலையில். அவர் 50 அடித்தால் கூட்டத்துக்குள் உண்டியல் சுற்றி வரும், அது அவருக்கு. அந்த ஊரில் 1929 முதல் 1937 வரை ஒன்பது சீசன். நெல்சன் ஏழு முறை சாம்பியன். மற்ற இரண்டு முறையும் இரண்டாம் இடம். 1934இல் அக்ரிங்டனுக்கு எதிராகப் பத்து விக்கெட்டும் அவருக்கே, 10 ரன் கொடுத்து.

கார்த்திக்: 10க்கு 10ஆ?

ராமநாதன்: ஆமாம். இதில் ஒரு வரிகூட டெஸ்ட் கணக்கில் வராது. அதுமட்டுமில்லை, 1933இல் வெஸ்ட் இண்டீஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது நெல்சன் அவரை ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் விட்டது, ஓல்ட் டிராஃபோர்டுக்கு. சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள், வேறு வழி இல்லை. பாடிலைன், அதாவது உடம்பைக் குறிவைத்து எகிறும் பந்து வீசுவது, இங்கிலாந்துத் தலைவர் ஜார்டினின் உத்தி. அந்த ஒரு மேட்சில் அவரும் மார்ட்டின்டேலும் சேர்ந்து ஜார்டினின் அணிக்கே அதைப் போட்டார்கள். ஜார்டின் நின்று 127 அடித்தார், அதையும் மறைக்கக் கூடாது.

சுந்தர்: டெஸ்ட்டிலும் ஒன்றுமே செய்யாதவர் இல்லை கார்த்தி. 1930 ஜார்ஜ்டவுனில் வெஸ்ட் இண்டீஸ் முதன்முதலாக டெஸ்ட் ஜெயித்தது. ஹெட்லி இரண்டு இன்னிங்ஸிலும் சதம், கான்ஸ்டன்டைனுக்கு ஒன்பது விக்கெட்.

ராமநாதன்: 1935 போர்ட் ஆஃப் ஸ்பெயினும். சொந்த ஊரில் 90 அடித்தார். மேட்ச் முடிய ஒரு பந்து மீதி இருக்கும்போது இங்கிலாந்தின் லேலண்டை எல்.பி.டபிள்யூ. செய்து முடித்ததும் அவர்தான். கடைசி டெஸ்ட் 1939 ஓவலில், 37 வயதில்: 75க்கு 5 விக்கெட், பேட்டில் 79.

தீபா (மாலை 6:03): இப்போதுதான் குழுவைத் திறந்தேன். கான்ஸ்டன்டைன் என்றால் சட்டம் படிக்கும் எங்களுக்கு முதலில் நினைவு வருவது வழக்குதான் அப்பா. கான்ஸ்டன்டைன் எதிர் இம்பீரியல் ஹோட்டல்ஸ், 1944.

கார்த்திக்: அவரேதானா அது தீபா அக்கா?

தீபா: அவரேதான். 1943 ஜூலை, போர் நடந்துகொண்டிருந்த நேரம். அப்போது பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தில் அதிகாரி. போர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த வெஸ்ட் இண்டீஸ் தொழிலாளர்களின் நலனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லார்ட்ஸில் ஒரு மேட்ச் ஆடக் குடும்பத்தோடு லண்டன் வந்தார். நாலு இரவுக்கு முன்பதிவு செய்த விடுதியில் ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்க விருந்தினர்களுக்குப் பிடிக்காதாம். அவரை இழிசொல்லாலும் குறிப்பிட்டார்கள்.

மல்லிகா: மனைவி, மகள் கூட இருக்கும்போதா?

தீபா: ஆமாம் அத்தை. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அப்போது பிரிட்டனில் கிடையாது, 1965இல்தான் முதல் சட்டம் வந்தது. அதனால் அவருடைய வழக்கறிஞர்கள் பழைய பொதுச் சட்டத்தைப் பிடித்தார்கள். இடம் இருந்து, பணமும் கொடுக்கத் தயாராக இருக்கும் பயணியை நியாயமான காரணம் இல்லாமல் விடுதிக்காரர் திருப்பி அனுப்பக் கூடாது. தாங்கள் வேறொரு விடுதியில் இடம் கொடுத்ததாகவும், அவரே விருப்பப்பட்டுப் போனதாகவும் எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிபதி பர்கெட் ஏற்கவில்லை. பண நஷ்டம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, உரிமை மீறப்பட்டதே போதும் என்று தீர்ப்பளித்தார். இழப்பீடு ஐந்து கினி.

மல்லிகா: ஐந்து கினி என்றால் எவ்வளவு?

தீபா: ஐந்து பவுண்டு ஐந்து ஷில்லிங். தொகை பெயருக்குத்தான். அதிக இழப்பீடு கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆனால் கதவை மூடியது தவறு என்று நீதிமன்றம் எழுதி வைத்துவிட்டது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் படிக்கிறோம்.

ராமநாதன்: எனக்கு இதெல்லாம் ஒரே வாழ்க்கையாகத்தான் தெரிகிறது தீபா. நெல்சன் சம்பளம் இல்லையென்றால் அவர் டிரினிடாடில் குமாஸ்தாவாகவே முடிந்திருப்பார். அந்தச் சம்பளம்தான் இங்கிலாந்தில் காலூன்ற விட்டது. சட்டம் படித்து 1954இல், 50 வயது தாண்டி, வழக்கறிஞர் ஆனார். ஊர் திரும்பி அமைச்சரானார். பிறகு டிரினிடாடின் ஹை கமிஷனராக லண்டனுக்கே வந்தார். 1963இல் பிரிஸ்டல் நகரப் பேருந்தில் கறுப்பரை நடத்துநராகச் சேர்க்க மறுத்தபோது, தூதர் என்ற பதவியைப் பார்க்காமல் நேரே போய்ப் பேசினார். சொந்த அரசாங்கத்துக்கே அது பிடிக்கவில்லை. அவர் நிற்கவில்லை.

தீபா: 1969இல் பிரபுக்கள் சபைக்குப் போன முதல் கறுப்பரும் அவர்தான். பட்டத்தில் மரவலும் இருக்கிறது, நெல்சனும் இருக்கிறது.

கார்த்திக்: சரி பெரியப்பா, அணிக்கு வருவோம். அவர் வாழ்க்கைக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் லாராவையோ மார்ஷலையோ நான் எடுக்க மாட்டேன்.

ராமநாதன்: எடுக்காதே. நானும் எடுக்க மாட்டேன். 19.24ஐப் பார்த்து அடுத்த பெயருக்குப் போய்விட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகு வேண்டாம் என்றால் அது உன் விருப்பம்.

கார்த்திக்: கிப்ஸுக்குப் பதில் போடலாமா என்று யோசிக்கிறேன். சுழலுக்கு சோபர்ஸ் இருக்கிறார். ஏழாவதாக துஜோன், எட்டாவதாக கான்ஸ்டன்டைன்.

சுந்தர்: 309 விக்கெட் எடுத்தவரைத் தூக்குவாயா? விட மாட்டேன்.

கார்த்திக்: அப்படியானால் ஹோல்டிங்?

சுந்தர்: அதற்கு நீ என்னிடம் நேரில் வந்து பேசு.

ராமநாதன்: யாரைத் தூக்கினாலும் கான்ஸ்டன்டைனை எங்கே நிறுத்துவாய் என்று சொல். ஸ்லிப், கவர், ஷார்ட் லெக், எங்கே நின்றாலும் அவர் காலத்தில் அவரைப் போல ஃபீல்டிங் செய்தவர் கிடையாது.

கார்த்திக்: ஆம்ப்ரோஸ் போடும்போது ஷார்ட் லெக், கிப்ஸ் போடும்போது கவர். ஹோல்டிங் விஷயத்தை மட்டும் சித்தப்பாவிடம் பேசிவிட்டு இரவு முடிவு போடுகிறேன்.