வைக்கோல் போர் எரிகிறது என்று நினைத்தோம், எழுந்தது நிலா

மொட்டைமாடி:

போன பங்குனிப் பௌர்ணமி. கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பை முடித்துக்கொண்டு மயிலாடுதுறைப் பக்கம் பைக்கில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் மச்சான். அறுப்பு முடிந்த வயல்கள், அதற்கு அப்பால் தென்னை வரிசை. திடீரென்று என் தோளைத் தட்டி, "மாமா, அங்க போர் எரியுது பாருங்க" என்றான். மரங்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம். வண்டியை ஓரங்கட்டி, யாருக்குப் போன் பண்ணலாம் என்று யோசிப்பதற்குள் அது தென்னை மட்டைக்கு மேலே வந்துவிட்டது. நிலா. அவ்வளவு பெரிய நிலாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மொபைலில் நாலைந்து படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, மனைவியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனால் வழக்கமான வெள்ளை நிலா, வழக்கமான அளவில். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்று இறங்கிப் போய்விட்டாள். உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கேமராக்காரன்:

உங்கள் மொபைல் பொய் சொல்லவில்லை சார். அடிவானத்தில் நிலா பெரிதாவதே இல்லை. இதை நான் ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்துப் பார்த்தேன். முக்காலி, ஒரே லென்ஸ், ஜூமைத் தொடவே இல்லை. எழும்போது ஒரு படம், உச்சிக்கு வந்தபின் ஒரு படம். கணினியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அகலம் அப்படியே பொருந்துகிறது. கறாராகப் பார்த்தால் அடிவான நிலாதான் துளி சிறிது. அது எழும்போது நமக்கும் அதற்கும் உள்ள தூரம், அது நம் தலைக்கு மேல் இருக்கும்போது உள்ளதைவிட ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவுக்கு அதிகம். சராசரி தூரமான 3,84,400 கிலோமீட்டரில் இந்த 6,400 ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான், கண்ணுக்குத் தெரியாது.

சூப்பர்மூன் விஷயம் வேறு. நிலாவின் பாதை நீள்வட்டம். மிக அருகே வரும் பௌர்ணமி, மிகத் தொலைவில் வரும் பௌர்ணமியைவிட 14 சதவீதம் வரை அகலமாக இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் ஒரே ராத்திரியில், சாயங்காலத்துக்கும் நடுநிசிக்கும் இடையில் வராது.

"அப்புறம் கோபுரத்துக்குப் பின்னால் பூதாகரமாக நிலா நிற்கும் படங்கள்?" என்று கேட்பீர்கள். அது தூரத்துக் கணக்கு. நம்மிடமிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொருளின் மேல் நிலா சுமார் 9 மீட்டர் அகலத்தை அடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மேற்கே 2 கிலோமீட்டர் தள்ளி நின்றால் 18 மீட்டர், அதாவது 216 அடி விமானத்தின் உயரத்தில் கால்வாசிக்கும் மேல். ஒட்டு வேலை எதுவும் வேண்டாம். நடக்கத் தெம்பும் நீளமான லென்ஸும் வேண்டும், அவ்வளவுதான். 200 மி.மீ. லென்ஸில்கூட சென்சாரில் விழும் நிலா 2 மி.மீ.க்கும் குறைவு என்பதால், மொபைலைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

கடலூரான்:

பக்கத்தில் தென்னைமரம் இருப்பதால்தான் நிலா பெரிதாகத் தெரிகிறது என்று படித்திருக்கிறேன். நான் அதை முழுசாக நம்பமாட்டேன். நிலாக் காலத்தில் எங்களுக்கு மீன் பாடு குறைவு, ஆனாலும் சில நாள் போவோம். நாலு பக்கமும் தண்ணீர். மரமும் இல்லை, வீடும் இல்லை. அங்கேயும் நிலா தாம்பாளம் மாதிரிதான் முளைக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தண்ணீரை விட்டு வெளியே வந்த புதிதில் அது வட்டமாகவே இருக்காது, மேலும் கீழும் அமுங்கி அதிரசம் மாதிரி இருக்கும்.

கேமராக்காரன்:

அந்த அமுக்கம் நிஜம், என் படத்திலும் விழுந்தது. காற்று ஒளியை வளைக்கிறது. அடிவானத்தில் அந்த வளைவு ஏறக்குறைய அரை டிகிரி. நிலாவின் அகலமும் அதே அரை டிகிரிதான். நிலாவின் அடி விளிம்பு கடலைத் தொடுவது போல நாம் பார்க்கும் நேரத்தில் உண்மையான நிலா முழுக்க அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்றால் பாருங்கள். மேல் விளிம்பைவிடக் கீழ் விளிம்பு அதிகமாகத் தூக்கப்படுவதால்தான் அதிரசம்.

போகிப்புகை:

எனக்கு நிலா எழுந்த கதை இல்லை, மறைந்த கதைதான். 2025 போகி, பௌர்ணமியை ஒட்டி வந்தது. சென்னையில் விடிகாலை ஐந்தேகால் இருக்கும். தெருவில் பழைய பாய், டயர் என்று ஆளாளுக்கு எரித்துக்கொண்டிருக்க, மேற்கே பார்த்தால் கன்றிப்போன சிவப்பில் நிலா, ஒளியே இல்லாமல். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கிரகணமாடி?" என்றார். இல்லை அத்தை, புகை என்றேன்.

அளவு கண்ணின் கோளாறு என்றாலும் நிறம் கோளாறு இல்லை. உச்சியில் இருக்கும் நிலாவின் ஒளி கடக்கும் காற்றைப்போல் சுமார் 38 மடங்கு காற்றை அடிவான நிலாவின் ஒளி கடந்து வர வேண்டும். வழியில் நீலம் சிதறிப் போய்விடும், சிவப்பும் மஞ்சளும்தான் மிஞ்சி நம்மிடம் வரும். தூசியோ புகையோ சேர்ந்தால் இன்னும் கறுத்த சிவப்பு.

கிரகணச் சிவப்பு தனி. 2018 ஜனவரி 31 அன்று நம் ஊரில் நிலா எழும்போதே கிரகணம் பிடித்திருந்தது. அன்றைய சிவப்பு, பூமியைச் சுற்றியுள்ள காற்றை உரசி வளைந்து போய் நிலாமேல் விழுந்த ஒளியால் வந்தது. நிலா உச்சியில் இருந்தாலும் அது சிவப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

கிரிவலத்தான்:

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு நடப்பவன் நான். சாயங்காலம் மலைக்கு மேற்கே நடக்கும்போது கிழக்கு வானத்தை மலையே மறைத்துவிடும். மலைக்கு மேல் நிலா தலைகாட்டும்போது சிவப்பு போய் வெளுத்திருக்கும். அதே நேரம் ஊருக்குக் கிழக்கே இருந்த தம்பி போனில் "அண்ணே, என்னா சைஸு!" என்று கத்துவான்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:

இதைப் பிள்ளைகளுடன் செய்து பார்த்தேன். அட்டையில் பஞ்ச் மெஷினால் ஒரு ஓட்டை. கையை முழுசாக நீட்டி, ஒற்றைக் கண்ணால் நிலாவை அதற்குள் கொண்டுவர வேண்டும். அடிவான நிலா அடங்கிவிடும், சுற்றிலும் கொஞ்சம் இடம்கூட மிஞ்சும். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே கதைதான். குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்க்கச் சொன்னால் பலருக்கு நிலா சுருங்கிப் போனது. (இதைப் பள்ளி வாட்ச்மேன் பார்த்துவிட்டார். நானும் குனிந்திருந்தேன்.)

காரணம் சொல்வதில்தான் எனக்கு வேர்த்துவிட்டது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே காற்றின்மேல் பழி போட்டு வந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம் என்ற அரபு அறிஞர் இதை மனம் செய்யும் வேலை என்றார். தலைக்கு மேலிருக்கும் வானம் கிட்டத்திலும் அடிவானம் வெகு தொலைவிலும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கண்ணில் விழும் உருவம் இரண்டு இடத்திலும் ஒரே அளவு. தொலைவில் இருந்தும் இதே அளவு தெரிகிறது என்றால் பொருள் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. 1962இல் காஃப்மன், ராக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனைகளும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தன. இடைப்பட்ட நிலப்பரப்பை மறைத்தால் மாயை குறைந்தது. கடலூரார் பார்த்ததும் இதில் அடங்கும், விரிந்து கிடக்கும் கடலும் தூரத்தைக் காட்டும் தரைதானே.

சரி, புரிந்ததா என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து, "இல்ல மிஸ், எனக்கு நிலா பக்கத்துல வந்த மாதிரில்ல இருக்கு, தூரமா எங்க இருக்கு?" என்றாள். வகுப்பே அவள் பக்கம். இதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சியாளர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள். பதில் சொல்லாமல் மணி அடித்ததும் வந்துவிட்டேன்.

மொட்டைமாடி:

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் மனைவியை அதே இடத்துக்குக் கூட்டிப்போனேன், பையில் ஓட்டை போட்ட அட்டையுடன். முதல் நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் எழும் என்பதை மறந்து, இருட்டில் கொசுக்கடியில் நின்றோம். வந்தது. அட்டையில் அடங்கியது. அட்டையை எடுத்தால் மறுபடி பூதாகரம். நாலைந்து தடவை வைத்து வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "நட்சத்திரத்துக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். ஆமாம், சூரியனுக்கும் நட்சத்திரக் கூட்டங்களுக்கும் இதே மாயை உண்டாம். மார்கழியில் வேட்டைக்காரன் (ஓரியன்) கூட்டத்தின் மூன்று நட்சத்திரங்கள் கிழக்கே எழும்போது ஒரு தடவை, உச்சிக்கு வந்தபின் ஒரு தடவை பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். மச்சானும் வருகிறான்.