மறு: [கலைச்சொல்] டயர் சக்கரத்தில் நழுவாமல் பிடிக்கும் ‘பீட்லாக்’: தமிழில் என்ன?

வணக்கம் நண்பர்களே,

> ‘மணிப்பூட்டு’ என்று வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

வேண்டாமே. ‘பீட்’ என்றால் மணி, ‘லாக்’ என்றால் பூட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் டயரில் மணி எதுவும் இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் வரும், படிப்பவர் கோயில் மணிக்கு யார் பூட்டுப் போட்டது என்று யோசிப்பார். ‘பூட்டு’ என்கிற பாதியும் எனக்குச் சரியாகப் படவில்லை, காரணம் கீழே சொல்கிறேன். இந்த இழையில் பத்துச் சொல் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உதாரணத்துக்கு ‘டிராக் ரேஸ்’ (drag race) வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடுகிற பந்தயம்தான் இது. (‘இழுவைப் பந்தயம்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள், இழுவை என்பதைக் காற்றுத் தடைக்குக் கொடுத்தாயிற்று. ‘டிராக்’ என்று அப்படியே எழுதினாலோ ஓடுதளமா (track) பந்தயமா (drag) என்று நம் எழுத்தில் தெரியாது. நான் நேரோட்டப் பந்தயம் என்றே எழுதப் போகிறேன், அதற்குத் தனி இழை போட்டுச் சண்டை பிடிக்கலாம்.) இதில் உச்சத்தில் இருப்பது டாப் ஃப்யூயல் வண்டி. 8.2 லிட்டர் எஞ்சின், எரிபொருளில் பெரும்பங்கு நைட்ரோமீத்தேன், ஏறத்தாழ 11,000 குதிரைத்திறன். இவற்றுக்கு 2008 முதல் தூரத்தை 1000 அடியாகக் குறைத்துவிட்டார்கள், அப்படியும் நான்கு நொடிக்குள் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன.

நம் வீட்டுக் காருக்கு 30, 33 பிஎஸ்ஐ என்று காற்றடிக்கிறோம். டாப் ஃப்யூயல் வண்டியின் பின் டயரில் இருப்பது 7 பிஎஸ்ஐ அளவுதான். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், பக்கச் சுவர் துணி மாதிரி சுருங்கி முறுக்கிக்கொண்டு விரியும், புறப்படும்போது அந்த முதல் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். தரைப்பிடிப்புக்கு இதெல்லாம் நல்லது. ஆனால் டயரின் உள்விளிம்பைச் சக்கரத்தோடு அழுத்தி வைத்திருப்பதும் பெரும்பாலும் அதே காற்றுதானே? காற்றைக் குறைத்ததும் அந்த அழுத்தமும் போகிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பின் டயரின் விட்டம் 36 அங்குலம், சக்கரத்தின் விட்டம் 16 அங்குலம். தரையில் டயர் தள்ளுகிற விசை, அச்சிலிருந்து 18 அங்குலம் தள்ளி இருக்கிறது, சக்கரத்தை டயர் பற்றியிருக்கும் இடமோ 8 அங்குலத்தில் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றும் முறுக்கு (டார்க்) ஒன்றுதான் என்பதால் அந்த இடம் தாங்க வேண்டிய விசை தரையில் உள்ளதைப் போல இரண்டேகால் மடங்கு. போதாக்குறைக்கு ஓடுதளத்தில் பசை தெளித்து, அதன்மேல் ரப்பரும் படிந்து, செருப்பைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு ஒட்டும். ஆக டயர் தரையை விடாது, தன் சக்கரத்தைத்தான் விடும். சக்கரம் உள்ளே சுற்றும், டயர் பின்தங்கும்.

அப்புறம் என்ன ஆகும்? உள்ளே ட்யூப் இருந்தால் அது டயரோடு நகரும், வால்வு சக்கரத்தின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு அறுந்துபோகும், அந்த வேகத்தில் ஒரே நொடியில் காற்று இறங்கும். ட்யூப் இல்லையென்றால், எடை சமன் செய்து ஒட்டிய ஈயத்துண்டு ஓரிடத்திலும் டயரின் கனமான பக்கம் வேறிடத்திலும் போய் நின்று வண்டி உதறும். அதனால்தான் சாக்கட்டியாலோ பெயின்ட்டாலோ டயரிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரே கோடு போட்டு வைக்கிறார்கள். ஓடி முடித்து வந்து பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். விமானச் சக்கரங்களிலும் இதே கோடு உண்டு, அங்கே பிரச்சினை பெரும்பாலும் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும்.

> நழுவலோ வழுக்கலோ சறுக்கலோ, எல்லாம் ஒன்றுதானே ஐயா?

இல்லை ஐயா, இங்கேதான் நமக்குத் தமிழே கைகொடுக்கிறது. தரையில் கால் வழுக்குகிறது. கையில் பிடித்த பாத்திரம் நழுவுகிறது. முன்னது பரப்பின்மேல் நிகழ்வது, பின்னது பிடியிலிருந்து விடுபடுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஸ்லிப்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, பிறகு தரையிலா சக்கரத்திலா என்று விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை: டயர் தரையில் வழுக்கும், சக்கரத்தில் நழுவும். அந்தக் கோட்டுக்கு ‘நழுவல் குறி’ என்று பெயர் வைத்தால் விமானத்துக்கும் சேர்த்தே பொருந்தும். சறுக்கலைப் பக்கவாட்டில் போகிற வண்டிக்கு விட்டுவிடலாம்.

இனி உறுப்புகள். ‘ரிம்’ என்பதற்கு விளிம்பு என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்த ரிம்மின் ஓரத்தில் டயர் வெளியே வராமல் தூக்கி நிற்கும் மடிப்பை என்னவென்று சொல்வது, விளிம்பின் விளிம்பு என்றா? மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால், ஆரக்கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் மரவளையம் வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டா. வட்டை கையிலிருக்கும்போது நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்? ரிம் என்பது வட்டை, அதன் ஓர மடிப்பு விளிம்பு. நழுவுகிற சிக்கலும் வண்டிக்குப் புதிதல்ல. பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள், இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கும். வெயில் காலத்தில் மரம் காய்ந்தால் பட்டா தளரும், சக்கரத்தைக் குளத்தில் ஊறப் போடுவார்கள். டயரின் உள்விளிம்புக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையமும் ஓரளவு இதே இறுக்கத்தைத்தான் தருகிறது.

அந்தக் கம்பி வைத்த பகுதிதான் ‘பீட்’. டயர் கடைகளில் பீடிங் என்பார்கள். நான் முன்வைப்பது கரை. வேட்டிக்கரை, சேலைக்கரை என்கிறோமே, நெருக்கமாக நெய்து தடித்த ஓரம், அதே பொருள். ஆற்றங்கரை நினைவுக்கு வரும் என்று யாராவது எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். டயர்க்கரை என்று சேர்த்து எழுதினால் ஆற்றில் யாரும் இறங்கமாட்டார்கள்.

> ‘பூட்டு வளையம்’ நன்றாகத்தானே இருக்கிறது?

நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. லாரிகளின் பழைய வகை வட்டைகள் பல துண்டுகளாக வரும், அதில் கழற்றி மாட்டும் விளிம்பைப் பிடித்து நிறுத்துவது லாக் ரிங். சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது தெறித்து ஆளையே கொன்றுவிடும், டயர் கடைக்காரர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவது சும்மா இல்லை. அந்த வளையம் டயரை நழுவாமல் பிடிப்பதற்கானது அல்ல, வட்டையின் துண்டுகள் பிரியாமல் வைத்திருப்பது. பூட்டு வளையம் அதற்கே இருக்கட்டும், இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒருவர் கைநூலைப் பார்த்துத் தப்பாகக் கழற்றினால் வம்பு.

பீட்லாக் சக்கரத்தில் வெளிப்பக்க விளிம்பு தனி வளையமாக இருக்கிறது. டயர்க்கரையை நடுவில் வைத்து, வளையத்தை மேலே வைத்து, சுற்றிலும் போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குவார்கள். கரை இரண்டு உலோகங்களுக்கு இடையே நசுங்கி நிற்கும், காற்று குறைந்தாலும் பிடி குறையாது. இது பூட்டுவதில்லை, கவ்வுகிறது. எனவே கரைக்கவ்வி, அந்த வளையம் கவ்வுவளையம், உள்பக்கமும் இருந்தால் இருபுறக் கரைக்கவ்வி. மோட்டோகிராஸ் பைக்கில் வட்டைக்குள் ஒளிந்திருந்து ஒரே போல்ட்டால் கரையை உள்ளிருந்து அழுத்தும் ‘ரிம் லாக்’குக்கு உட்கவ்வி போதும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்கிற வண்டிகளில் வட்டை விளிம்பில் சுற்றிலும் துளை போட்டு, சின்னத் தகட்டுத் திருகாணிகளை இறக்குவார்கள். முனை டயர்க்கரையின் ரப்பரைக் கடித்து நிற்கும். உள்ளே இருக்கும் கம்பியைத் தொடும் அளவுக்கு நீளமான திருகாணி போட்டால் டயரே வீணாகும். ‘ரிம் ஸ்க்ரூ’ என்பதை அப்படியே ‘விளிம்புத் திருகு’ என்று ஒருவர் மாற்றியிருந்தார், துளை இருக்கும் இடத்தைச் சொல்கிறது, தவறில்லை. ஆனாலும் பிடிக்கப்படுவது கரை என்பதால் கரைத்திருகாணி என்பது என் வாக்கு, கரைக்கவ்வியோடு ஒரே குடும்பமாகவும் நிற்கும்.

மூன்றாவது வழி, கரை உட்காரும் இடத்தைச் சொரசொரப்பாக்குவது. லேத் பட்டறையில் நர்லிங் என்பார்கள். இதற்கு யாரும் சொல் தராதது ஆச்சரியம், அம்மி கொத்துகிற ஊரில் ‘கொத்துப்பரப்பு’ என்பதைவிட எளிதாக என்ன வேண்டும்? டயர் மாட்டும்போது வழுக்கிப் போக சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு, அது காயும்முன் வண்டியை ஓட்டினால் கொத்துப்பரப்பு இருந்தும் டயர் நழுவலாம்.

> ஸ்லிக் = மொட்டை டயர்?

கூடாது. மொட்டை டயர் என்றால் தேய்ந்து வரி போனது, பிடித்தால் அபராதம். இது வரியே இல்லாமல் வார்த்தது. ஸ்லிக் என்றே இருக்கட்டும், அல்லது வரியிலி என்று யாராவது துணிந்து எழுதினால் நான் எதிர்க்கமாட்டேன்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று: வெளி டயரில் காற்று போனாலும் வண்டி சாயாமல் இருக்க டயருக்குள்ளேயே தனிக் காற்றோடு வைக்கும் ‘லைனர்’. உள்டயர் என்று எழுதினால் ட்யூப் என்று நினைப்பார்கள், உள்ளறை என்றால் வீட்டுக்குள் போய்விடுகிறது. யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள், தலைப்பை மாற்ற வேண்டாம்.