நம்பிக்கையால் உடம்பு தேறுமா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி, பிசியோதெரபிஸ்ட்

முழங்கால் மூட்டு மாற்றியவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. ஒரே டாக்டர், ஒரே மாத்திரை, வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் ஒருவர் மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை வந்துவிடுவார். இன்னொருவர் காலை மடக்கச் சொன்னதுமே கண்கலங்குவார். லால்குடி பக்கத்துப் பாட்டி ஒருவர், "வலிக்கும்னு தெரியும் தம்பி, நடந்தாத்தான் குறையும்னும் தெரியும், வா" என்று அவரே என் கையைப் பிடித்து இழுத்தார். அன்று அவர் வலி மாத்திரையே கேட்கவில்லை.

இதை வெறும் மனத்திடம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1978-இல் அமெரிக்காவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வலி மருந்து என்று எண்ணி மருந்தே இல்லாத ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலாக்சோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடியது. நலாக்சோன் என்பது மார்ஃபின் என்ற வலி மருந்து மூளையில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும் மருந்து. அப்படியென்றால் அவர்களுடைய மூளையே மார்ஃபின் போன்ற ஒன்றைச் சுரந்திருக்கிறது. நம்பிக்கை ஒரு ரசாயனமாக மாறி வேலை செய்ததற்கு அதுதான் முதல் தடயம். 2001-இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெறும் ஊசி போட்டு மூளையைப் படம்பிடித்தபோது, அந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் என்ற மூளை ரசாயனம் சுரந்ததும் தெரிந்தது.

அப்படியானால் இந்தச் சக்தி எதுவரைக்கும் போகும்? உங்கள் வீட்டில், உங்கள் உடம்பில் கண்டதைச் சொல்லுங்கள். பொன்மொழிகள் வேண்டாம்.

கோவை, மில் சூப்பர்வைசர்

எங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த சூரணத்தை ஒரு மழைக்காலம் முழுக்கச் சாப்பிட்டார்கள். "மூச்சு லேசா இருக்குப்பா, இனிமே அந்தப் பம்பு வேண்டாம்" என்றார்கள். பொய்யில்லை, முகமே தெளிந்திருந்தது. எங்கள் டாக்டர் ஏற்கெனவே பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார். வேகமாக ஊதினால் காற்று வெளிவரும் வேகத்தைக் காட்டும் சின்னக் குழாய் அது. ஊதச் சொன்னேன். அம்மாவின் வழக்கமான அளவில் பாதிக்குப் பக்கத்தில் முள் நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அம்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர்தான் பாஸ்டனில் 2011-இல் வெளிவந்த ஆய்வைச் சொன்னார். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு தடவை நிஜமான இன்ஹேலர், ஒரு தடவை மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு தடவை போலி அக்குபங்சர், ஒரு தடவை ஒன்றுமே இல்லை. நிஜ மருந்தில் நுரையீரலிலிருந்து வேகமாக ஊதும் காற்றின் அளவு 20 சதவீதம் ஏறியது. மற்ற மூன்றிலும் 7 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் "எவ்வளவு தேவலாம்?" என்று கேட்டபோது நிஜ மருந்துக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46 என்றார்கள். ஒன்றுமே தராதபோது 21. சுகமாக இருக்கிறது என்ற உணர்வு நிஜம்தான். நுரையீரலுக்கு அந்தச் சேதி போகவில்லை. மூச்சு விஷயத்தில் இந்த இடைவெளி ஆளையே கொன்றுவிடும் சார்.

மதுரை, ஆசிரியை

இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். பார்க்க வந்த ஒவ்வொருவரும், "பாசிட்டிவ்வா இரும்மா, மனசுதான் பாதி மருந்து" என்றார்கள். நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தடவை நோய் திரும்பியபோது அவள் என்னிடம் கேட்டாள், "நான் சரியா நம்பலையோ அக்கா? நடுவுல கொஞ்ச நாள் பயந்துட்டேன், அதனாலதானா?" கீமோவில் முடி கொட்டிப்போய், வாய்ப்புண்ணோடு ஒரு வாய் கஞ்சி இறங்காமல் இருப்பவள், பயந்ததற்கு மன்னிப்புக் கேட்பது போலக் கேட்டாள். நோய் போதாதென்று குற்றவுணர்வையும் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். ஆதரவுக் குழுவில் சேர்ந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள் என்று 1989-இல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. 2001-இல் இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுள் நீளவில்லை. ஆனால் வலியும் மனவேதனையும் குறைந்தன. 2007-இல் தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,093 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மனம் நன்றாக இருந்தவர்கள், மனம் ஒடிந்தவர்கள் என்று உயிர்பிழைப்பதில் வித்தியாசமே தெரியவில்லை.

அந்த 2007 ஆய்வை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். "அப்ப அழலாமா?" என்றாள். அழுதாள், நானும் அழுதேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியிடம் அதை வேலையாகக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சேலம், டிஎன்பிஎஸ்சி படிப்பவர்

அக்கா எழுதியதற்குப் பிறகு என் கதை சின்னதுதான். கோச்சிங் சென்டர் ஒன்றில் தினமும் கண்ணை மூடி, அதிகாரியாக ஜீப்பில் இறங்குவதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணைத் திறந்ததும் புத்தகத்தை எடுக்கும் வேகம் குறைந்திருந்ததை நானே கவனித்தேன். கபிரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். 1991-இல் உடல் எடை குறைக்க வந்த பெண்களிடம் கேட்டார். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. ஒல்லியாகிவிட்ட மாதிரி இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. எதிர்பார்ப்பு வேறு, பகல்கனவு வேறு. இப்போது நான் ஜீப்பைக் கற்பனை செய்வதில்லை. எது தடுக்கும், தடுத்தால் என்ன செய்வேன் என்று எழுதி வைக்கிறேன். "சாப்பிட்டதும் தூக்கம் வந்தால், எழுந்து நின்று கணக்குப் போடுவேன்." இப்படி.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

தம்பி, நேர்மறை மட்டுந்தானா, எதிர்மறைக்கும் சக்தி உண்டு. கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கூட வந்த துண்டுச்சீட்டில் தசைவலி வரலாம் என்று போட்டிருந்தது. வாசித்த அன்றைக்கே தொடை கனக்க ஆரம்பித்தது. டாக்டர் லண்டன் ஆய்வு ஒன்றைச் சொன்னார், 2020-இல் வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேருக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் போலி, சில மாதம் ஒன்றுமில்லை. நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. முடிவைக் காட்டிய பிறகு பாதிப்பேர் மறுபடியும் மாத்திரை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ரத்தப் பரிசோதனை செய்து, தசையில் கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு தொடர்கிறேன். வலி போய்விட்டது. உண்மையிலேயே தசை பாதிக்கப்படுகிறவர்களும் உண்டு, அதனால் சோதிக்காமல் யாரும் இதை மனப்பிரமை என்று தள்ளிவிட வேண்டாம்.

திருச்சி, பிசியோதெரபிஸ்ட்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து என் கேள்விக்கு எல்லை போட்டுவிட்டீர்கள். வலி, களைப்பு, குமட்டல், பயம் போல மூளை எடைபோட்டுத் தரும் உணர்வுகளை எதிர்பார்ப்பு மாற்றும். அதற்கு அறிவியலிடம் விளக்கமும் இருக்கிறது. சுருங்கிய மூச்சுக்குழாயும் புற்றுக்கட்டியும் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. இதைக் கலந்துகட்டிப் பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. எல்லாம் மனசுதான் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அதன் பலனை மதுரை அக்காவின் தங்கை மாதிரி ஒருவர் படுக்கையில் அனுபவிக்கிறார்.

ஆனால் எல்லைக்குள் இருக்கும் சக்தியை வீணாக்குவதும் தப்பு. இத்தாலியின் டுரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழு, அறுவை முடிந்தவர்களுக்கு வலி மருந்தைச் சிலருக்குச் சொல்லிக் கொடுத்தது, சிலருக்குத் தெரியாமல் மிஷின் வழியே செலுத்தியது. தெரியாமல் போன மருந்து குறைவாகத்தான் வேலை செய்தது. அதனால் எங்கள் வார்டில் நர்ஸம்மாக்களிடம் பேசி ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். டிரிப்ஸில் வலி மருந்தைச் சத்தமில்லாமல் ஏற்றுவதில்லை. "பாட்டி, இது வலிக்கான மருந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்கும், அதுக்கப்புறம் நடக்கலாம்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறோம். இதில் பொய் ஒன்றும் இல்லை, செலவும் இல்லை.

மதுரை அக்கா, தங்கையிடம் நீங்கள் செய்தது எந்த மருத்துவப் படிப்பும் எங்களுக்குக் கற்றுத்தராதது. அவரைப் பார்க்க வருகிறவர்களிடம், "என்ன சாப்பிடப் பிடிக்குது?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

கோவை சார், அந்த மீட்டருக்கு டாக்டரிடம் மூன்று அளவை எழுதி வாங்கி அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அம்மா நன்றாக இருந்த நாட்களில் ஊதிய அதிகபட்ச அளவில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50-லிருந்து 80 வரை மஞ்சள், 50-க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் நின்றால் டாக்டர் சொல்லிவைத்த இன்ஹேலர் பஃபைக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்று அம்மா எத்தனை தடவை சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.